மக்கன் பேடாவுக்கு ஈடுகொடுக்கும் ஒயின்: பண்டிகைக்கு எதை வாங்குவது, எப்படிக் காப்பது

கிறிஸ்துமஸ் தட்டில் பிளம் கேக், கல்கல், அச்சுமுறுக்கு, அதிரசம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஆற்காட்டுப் பக்கமிருந்து யாராவது வந்திருந்தால், அந்த ஊர்க் கோவா இனிப்பான, பாகில் ஊறிய மக்கன் பேடாவும் இருக்கும். அதற்குத் துணையாக, விலை கொடுத்து வாங்கிய ஒரு சாதாரணச் சிவப்பு ஒயினைத் திறக்கிறீர்கள். பேடா தின்ற வாயோடு ஒரு மிடறு குடித்தால் கடுக்காய்த் தண்ணீர் போலத் துவர்க்கிறது, புளிக்கிறது. ஒயின் கெட்டுப்போகவில்லை. ஜாங்கிரி தின்றுவிட்டுக் காபி குடித்தால் சர்க்கரையே போடவில்லையோ என்று தோன்றுமே, அதே சங்கதிதான். நாக்கு ஒரு இனிப்புக்குப் பழகிவிட்டால் அதைவிடக் குறைந்த இனிப்பை அது கண்டுகொள்வதே இல்லை; புளிப்பையும் துவர்ப்பையும் மட்டும் எடுத்துக் காட்டும்.

ஆகவே, கிளாஸில் இருப்பது தட்டில் இருப்பதைவிட ஒரு படி கூடுதலாக இனிக்க வேண்டும். ஒயின் தேர்வில் பாதி இதுதான். மீதிப் பாதியைத் தீர்மானிப்பது வேலூர் வெயில். கடையில் எத்தனை மாதம் நின்றது, வீட்டில் எங்கே நிற்கப்போகிறது, திறந்தபின் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் வாங்கினால், விலை உயர்ந்த பாட்டிலும் பழக்கூழ் வாடை அடிக்கும்.

இனிப்பு எப்படி மிஞ்சுகிறது

திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும். முழுக்கத் தின்ன விட்டால் இனிப்பில்லாத ஒயின். இனிப்பு மிஞ்ச வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு. ஈஸ்டால் தின்று முடிக்க முடியாத அளவுக்குச் சாற்றைச் சர்க்கரையால் நிறைப்பது ஒன்று. பாதி வேலையில் ஈஸ்டைக் கொன்றுவிடுவது மற்றொன்று.

முதல் வழியில் வருபவை, பழத்தைக் கொடியிலேயே முற்றவிட்டுப் பறிக்கும் லேட் ஹார்வெஸ்ட் வகைகள். பிரான்சின் சோட்டேர்ன், ஹங்கேரியின் டோகாய் அசு இரண்டிலும் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை பழத்தோலைத் துளைத்து நீரை வற்றவைக்கிறது. ஐஸ் ஒயினுக்குக் கொடியிலேயே உறைந்த பழத்தைப் பிழிகிறார்கள். கனடாவின் விதிப்படி குளிர் மைனஸ் 8 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். இவற்றின் ஆல்கஹால் சாதாரண ஒயினை ஒட்டியே இருக்கும், சிலவற்றில் அதைவிடக் குறைவு.

இரண்டாவது வழியில் வருபவைதான் ஃபோர்ட்டிஃபைட் ஒயின்கள். போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கில் நொதிக்கும் சாற்றின் சர்க்கரை பாதி கரைந்ததும், 77 சதவீதம் வீரியமுள்ள திராட்சைச் சாராயத்தை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் அங்கேயே செத்துவிடும். பழத்தின் இனிப்பு அப்படியே நிற்க, மொத்த வீரியம் 20 சதவீதத்துக்கு வந்துவிடும். அதுதான் போர்ட்.

இந்த 20 என்ற எண் நமக்கு ரொம்ப முக்கியம். ஒயினைப் புளிக்காடியாக்கும் பாக்டீரியா அந்த வீரியத்தில் பிழைக்காது. அதனால்தான் போர்ட் திறந்தபின்னும் வாரக்கணக்கில் நிற்கிறது, 12 சதவீத ஒயின் நாலாம் நாளே முகம் சுளிக்க வைக்கிறது.

லேபிளில் பார்க்க வேண்டியது

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஐரோப்பாவில் போர்ட் என்ற பெயர் டூரோ ஒயினுக்கு மட்டுமே சொந்தம். நம் கடைகளில் போர்ட், ரூபி என்றெல்லாம் எழுதியிருக்கும் இந்தியப் பாட்டில்கள் பல இனிப்பூட்டிய சிவப்பு ஒயின்கள்தான். அவற்றைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. விலைக்கு ஏற்ற சரக்கு, குளிரவைத்தால் கேக்கோடு போகும். ஆனால் டூரோ போர்ட் என்று நினைத்து மூன்று வாரம் அலமாரியில் வைத்தால் ஏமாறுவீர்கள். ஆல்கஹால் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் அது ஃபோர்ட்டிஃபைட். 15க்குக் கீழே என்றால், பெயர் என்னவாக இருந்தாலும் திறந்த அன்றே அல்லது இரண்டு மூன்று நாளில் முடிக்க வேண்டியது.

இனிப்பின் அளவை எல்லா லேபிளும் சொல்லாது. அதனால் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோலா பானத்தில் லிட்டருக்குச் சுமார் 106 கிராம் சர்க்கரை. டூரோ போர்ட் பெரும்பாலும் 90 முதல் 120 கிராம் வரை, அதாவது கோலா அளவுதான். சோட்டேர்ன், டோகாய் அசு 120க்கு மேல். ஸ்பெயினின் ஷெர்ரி ஒயின்களில் மிக இனிப்பான பெட்ரோ ஹிமெனெஸுக்குக் குறைந்தபட்சமே 212. பல பாட்டில்கள் 400ஐ எட்டும். அதை ஊற்றினால் பதநீர்ப் பாகு போலக் கிளாஸின் சுவரில் ஒட்டி இறங்கும்.

எது எப்படி இருக்கும்

போர்ட்டில் இரண்டை மட்டும் பிரித்துத் தெரிந்துகொண்டால் போதும். ரூபி என்பது பெரிய கொள்கலனில் காற்றுப் படாமல் சில ஆண்டு இருந்தது. சிவப்பு மாறாது, நாவல்பழமும் செர்ரியும் கலந்த மணம். டானி என்பது சின்ன மரப்பீப்பாயில் காற்றோடு பழகிப் பழகிச் செங்கல் நிறத்துக்கு வந்தது; முந்திரி வறுத்த வாசனை, வெல்லம் காய்ச்சிய வாசனை. 10, 20, 30, 40 என்று லேபிளில் இருக்கும் ஆண்டு எண் சுவையின் தரத்தைக் குறிப்பது. உள்ளே பல வயது ஒயின்கள் கலந்திருக்கும். நம் பலகாரங்களுக்கு ரூபியைவிட 10 ஆண்டு டானி பலமடங்கு பொருந்தும். 20, 30க்குப் பணம் செலவழிப்பது அவரவர் இஷ்டம். பேடாவின் ஏலக்காய்க்குப் பக்கத்தில் அந்த நுணுக்கம் தெரியாது.

எல்.பி.வி. (லேட் பாட்டில்டு வின்டேஜ்) என்ற போர்ட் ஒரே ஆண்டு அறுவடை, நாலிலிருந்து ஆறு ஆண்டுக்குள் பாட்டிலில் அடைத்தது. சாக்லேட் கேக்குக்கு நல்ல ஜோடி. வின்டேஜ் போர்ட்டை இந்த ஊரில் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இருபது ஆண்டு குளுமையான நிலவறையில் படுத்திருக்க வேண்டிய பாட்டில் அது. திறந்தால் இரண்டு நாளில் முடிக்க வேண்டும், அடியில் வண்டலும் கட்டியிருக்கும். யாராவது பரிசாகக் கொடுத்துவிட்டால், ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வைத்து, அசைக்காமல் மெல்லிய துணியில் வடித்து வேறு ஜாடிக்கு மாற்றுங்கள். அடியில் மிஞ்சும் இரண்டு விரல் அளவை ஊற்றாமல் விட்டுவிடுங்கள்.

ஷெர்ரி தென் ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதிச் சரக்கு. இங்கே பலரும் ஏமாறுவது அதன் ஃபினோ என்ற வகையில். ஷெர்ரி என்றாலே இனிப்பு என்று நினைத்து வாங்கினால் ஃபினோவில் துளி இனிப்பு இருக்காது. உப்புக் காற்றுப் போல வறண்டிருக்கும். அது வறுத்த முந்திரிக்கும் வஞ்சிரம் வறுவலுக்கும் உரியது. கேக்குக்கு வேண்டுமென்றால் லேபிளில் கிரீம் என்றோ பெட்ரோ ஹிமெனெஸ் என்றோ இருக்க வேண்டும்.

மடெய்ராவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலூருக்கென்றே செய்ததுபோல ஒரு ஒயின் உண்டென்றால் அது இதுதான். அட்லாண்டிக் தீவான மடெய்ராவில் நின்று சரக்கேற்றிக்கொண்டு இந்தியாவுக்கு வந்த கப்பல்களின் அடித்தளத்தில் இந்தப் பீப்பாய்கள் வெக்கையில் வெந்துகொண்டே பயணம் செய்தன. கெட்டுப்போயிருக்கும் என்று பார்த்தால், கிளம்பியதைவிடச் சுவையாக இருந்தது. அதன் பிறகு வேண்டுமென்றே சூடுபடுத்தத் தொடங்கினார்கள். இன்றும் சாதாரண வகைகளைக் குறைந்தது மூன்று மாதம் 45 முதல் 50 டிகிரி வரை சூட்டில் வைக்கிறார்கள். உயர்ந்த வகைகள் மேல்மாடிக் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் வெக்கையில் கிடக்கின்றன. நம் சித்திரை வெயில் அதை என்ன செய்துவிடும்? திறந்த பாட்டில் மாதக்கணக்கில் அலமாரியிலேயே நிற்கும். இனிப்பின் ஏறுவரிசை: செர்சியால், வெர்டெல்யோ, போவால், மல்வாசியா. முதலிரண்டை விட்டுவிட்டு, போவால் அல்லது மல்வாசியா என்று கேளுங்கள். மல்வாசியாவை மாம்ஸி என்றும் எழுதியிருப்பார்கள். இனிப்புக்கு இணையாக அதில் எலுமிச்சை போன்ற புளிப்பும் இருப்பதால் நெய்ப் பலகாரத்துக்குப் பிறகு வாயைக் கழுவிவிட்டதுபோல இருக்கும்.

இந்தியச் சரக்கில், சுலாவின் லேட் ஹார்வெஸ்ட் ஷெனின் பிளாங்க் 375 மி.லி. பாட்டிலில் வருகிறது. ஃபோர்ட்டிஃபைட் அல்ல, தேனும் மாம்பழமும் கலந்த வாசனை. நன்றாகக் குளிரவைத்தால் கல்கலுக்கும் அச்சுமுறுக்குக்கும் அதுவே போதும்.

எந்தப் பலகாரத்துக்கு எது

மக்கன் பேடாதான் கடினமான பரீட்சை. கோவா, மைதா, நெய், உள்ளே பருப்பு வகைகள், மேலே பாகு. இதற்கு ஈடுகொடுப்பவை இரண்டே: பெட்ரோ ஹிமெனெஸ், மல்வாசியா மடெய்ரா. முதலாவது பாகோடு பாகாகச் சேரும். இரண்டாவது நெய்யை வெட்டும். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் மடெய்ரா. பேடாவைப் பாகிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் வடியவிட்டுப் பரிமாறினால் டானி போர்ட்டும் சமாளிக்கும்.

அதிரசத்தில் வெல்லம், சுக்கு, ஏலம். வெல்லத்தின் கருகல் மணம் டானியிலும் போவாலிலும் அப்படியே இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. பிளம் கேக்குக்கு டானி, கிரீம் ஷெர்ரி இரண்டுமே சரி. சாக்லேட் அதிகமுள்ள கேக்குக்கு ரூபி. மைசூர்பாகு மடெய்ராவிடம் போகட்டும். சர்க்கரைப் பொங்கலுக்கு மட்டும் எதையும் தேட வேண்டாம். பச்சைக் கற்பூரம் விழுந்த இடத்தில் எந்த ஒயினின் மணமும் எழும்பாது.

ஆம்பூர் பிரியாணியோடு போர்ட் ஊற்றுபவர்கள் உண்டு. அது தப்பு. காய்ந்த மிளகாய் அரைத்துப் போட்ட பிரியாணிக்குமேல் 20 சதவீத ஆல்கஹால் பட்டால் எரிச்சல் இரட்டிப்பாகும். பக்கத்தில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் செய்த புளிக்கூட்டு வேறு இருக்கும். அந்த விருந்துக்கு ஆல்கஹால் குறைந்த, கொஞ்சம் இனிப்பான வெள்ளை ஒயினை நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள். ஃபோர்ட்டிஃபைட் பாட்டிலைச் சாப்பாடு முடிந்து இலை எடுத்த பிறகு திறக்கலாம்.

எத்தனை பேருக்கு எவ்வளவு

ஆளுக்கு 60 மி.லி. போதும். ஒரு லார்ஜ் அளவு. 750 மி.லி. பாட்டிலில் 12 பேர், 375 மி.லி. பாட்டிலில் 6 பேர். பெட்ரோ ஹிமெனெஸ் என்றால் 40 மி.லி.க்கு மேல் யாராலும் குடிக்க முடியாது; அதை ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம்மீது ஊற்றிக் கொடுத்தால் பாட்டில் இன்னும் நீளும்.

இனிப்பு, வீரியத்தை மறைக்கும். இந்த இடத்தில் கணக்கு கைகொடுக்கும்: 20 சதவீத போர்ட் 60 மி.லி.யில் 12 மி.லி. ஆல்கஹால், 42.8 சதவீத பிராந்தி 30 மி.லி.யில் ஏறத்தாழ 13. அதாவது ஒரு சின்னக் கிளாஸ் போர்ட் என்பது ஒரு ஸ்மால் பிராந்திக்குச் சமம். ஜூஸ் மாதிரி இருக்கிறதே என்று மூன்று கிளாஸ் குடித்துவிட்டு காட்பாடிக்கு வண்டி எடுத்தால், இரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மி.கி. என்ற சட்ட வரம்பைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோய் உள்ள உறவினர்களுக்கும் சொல்லிவிடுங்கள்: 60 மி.லி. போர்ட்டில் சுமார் 6 கிராம் சர்க்கரை, அதே அளவு பெட்ரோ ஹிமெனெஸில் குறைந்தது 12, பல பாட்டில்களில் 20க்கு மேல். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

வாங்கும்போது

தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10க்கு மூடும்; 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். எல்லாக் கடையிலும் ஒயின் இருக்காது, இருக்கும் கடையிலும் இறக்குமதிச் சரக்கு எப்போதும் இருக்காது. டிசம்பர் முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது; 24ஆம் தேதி மாலை வரிசையில் நின்று லேபிள் படிக்க யாரும் விடமாட்டார்கள். பொங்கலுக்கு வாங்குபவர்கள் திருவள்ளுவர் தினமான தை 2ஆம் நாள் கடைக்கு விடுமுறை என்பதை மறக்கக் கூடாது. குடியரசு தினமும் வள்ளலார் நினைவு நாளும் அப்படித்தான்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் சொல்லியனுப்புவது இன்னொரு வழி. தோல் தொழில் நிமித்தம் ஐரோப்பா போய்வருபவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். இந்தியாவுக்குள் வரும் பயணி ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். 750 மி.லி. இரண்டும் 500 மி.லி. ஒன்றும் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும்: ஒரு டானி, ஒரு மடெய்ரா, ஒரு சின்ன பெட்ரோ ஹிமெனெஸ். சென்னையிலிருந்து வரும் வழியில் பாட்டிலைக் கார் டிக்கியில் போடாமல், ஏசி படும் இடத்தில் இருக்கைக்குக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

சித்தூர் பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஆந்திராவுக்குப் போய் வாங்கிவருவது மட்டும் கூடாது. வெளிமாநிலப் பாட்டிலை அனுமதியின்றி எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம். கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியில் நிற்க வேண்டிவரும்.

கையில் பாட்டில் வந்ததும் நான்கு இடங்களைப் பாருங்கள். மூடியின்மேல் ஒட்டிய ஹாலோகிராம் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்க வேண்டும். கழுத்தைச் சுற்றிப் பிசுபிசுப்பு இருந்தால் உள்ளே சூடேறி ஒயின் கசிந்திருக்கிறது. சர்க்கரை காய்ந்து ஒட்டியிருக்கிறது. கார்க் மேலே தள்ளிக்கொண்டு நின்றாலும் அதே கதைதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ரூபி சிவப்பாகத் தெரிய வேண்டும், காபி நிறமாக அல்ல. லேட் ஹார்வெஸ்ட் தங்க நிறம், பழுப்பு அல்ல. டானிக்கும் மடெய்ராவுக்கும் இந்தச் சோதனை செல்லாது, அவற்றின் இயல்பே பழுப்பு. கடைசியாக, தயாரித்த மாதம். லேட் ஹார்வெஸ்ட்டும் ஃபினோவும் ஒரு கோடையைக் கடையில் கழித்திருந்தால் வாங்காதீர்கள். ஜன்னல் ஓரத்தில், டியூப்லைட்டுக்குக் கீழே காட்சிக்கு நின்ற பாட்டிலை விட்டுவிட்டு, அட்டைப்பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை, பில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில்

பரணில் வைக்காதீர்கள். கான்கிரீட் கூரைக்குக் கீழே ஒட்டியிருக்கும் பரண்தான் வீட்டிலேயே சூடான இடம். வெயில் படாத உள்ளறையில், பீரோவின் அடித்தட்டு நல்லது, சமையலறை வேண்டாம். பிளாஸ்டிக் தலையுள்ள குட்டைக் கார்க் போட்ட பாட்டில்களை, அதாவது ஷெர்ரி, ரூபி, டானி, மடெய்ரா எல்லாவற்றையும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்கவைத்தால் வீரியமான ஒயின் கார்க்கை அரிக்கும், கசியும். முழுக் கார்க் போட்டதை மட்டும் படுக்கவைக்கலாம்.

வெயில் காலம்வரை மிச்சம் வைக்க நினைத்தால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டே கதி. மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில், ஈரத்துணி சுற்றிய பாட்டிலை மண்பானைக்குள் வைப்பதும் ஓரளவு உதவும். வேலூரின் வறண்ட சித்திரையில் நன்றாக வேலை செய்யும். கார்த்திகை, மார்கழி ஈரக்காற்றில் பலன் இல்லை.

அறை வெப்பநிலையில் பரிமாறவும் என்று லேபிளில் இருந்தால் நம்பாதீர்கள். அந்த அறை ஐரோப்பாவில் இருக்கிறது. நம் டிசம்பர் பகலில் அறை 28 டிகிரி; அந்தச் சூட்டில் போர்ட் மூக்கைத் துளைக்கும், இனிப்பு திகட்டும். ரூபி 16, டானியும் பெட்ரோ ஹிமெனெஸும் 12 முதல் 14, லேட் ஹார்வெஸ்ட் 8 முதல் 10 டிகிரி. நடைமுறையில், ரூபியை ஒன்றேகால் மணி நேரம், டானியை இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். லேட் ஹார்வெஸ்ட் காலையிலிருந்தே உள்ளே இருக்கட்டும். விருந்தாளி வாசலுக்கு வந்துவிட்டார் என்றால் பக்கெட்டில் பாதி ஐஸ், பாதித் தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு; 20 நிமிடத்தில் குளிர்ந்துவிடும். தண்ணீர் இல்லாமல் வெறும் ஐஸில் வைத்தால் பாட்டிலை அது முழுதாகத் தொடாது, இரண்டு மடங்கு நேரமாகும். ஃப்ரீசரில் வைத்து மறந்துவிடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கார்க் வெளியே வந்து, மறுநாள் ஃப்ரீசரைக் கழுவும் வேலை மிச்சம்.

எவர்சில்வர் டம்ளரில் மணம் தெரியாது. ஒயின் கிளாஸ் இல்லாவிட்டால் டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். சோப்பு வாடை போக வெந்நீரில் ஒருமுறை அலசிவிடுங்கள்.

திறந்த பாட்டில்களை ஃபிரிட்ஜில் மூடி வைத்தால்: சாதாரண இனிப்புச் சிவப்பு மூன்று நாலு நாள். லேட் ஹார்வெஸ்ட், ஃபினோ, எல்.பி.வி. எல்லாம் ஒரு வாரத்துக்குள். ரூபி இரண்டு வாரம், டானி நாலு வாரம்வரை. கிரீம் ஷெர்ரியும் பெட்ரோ ஹிமெனெஸும் ஒன்றிரண்டு மாதம். மடெய்ரா அடுத்த கிறிஸ்துமஸ்வரைகூட. பாதி பாட்டில் மிஞ்சினால் சின்ன பாட்டிலுக்கு விளிம்புவரை மாற்றிவிடுங்கள். காற்று குறைந்தால் ஆயுள் கூடும். நகப்பாலிஷ் வாடையோ வெட்டிவைத்த ஆப்பிள் கறுத்த வாடையோ வந்தால் கேக்குக்குக்கூட ஆகாது.

இனிப்பு ஒயினில் பிராந்தி கலந்து போர்ட் செய்கிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். போர்ட்டில் சேர்க்கும் சாராயம் திராட்சையிலிருந்து வந்தது, நொதிக்கும்போதே சேர்ந்து ஆண்டுக்கணக்கில் இணைந்தது. மேசையில் கலந்தால் பிராந்தி வாடை தனியே நிற்கும், அவ்வளவுதான்.

கேக் பழம் ஊறவைக்க

500 கிராம் உலர்பழத்துக்கு ரூபி போர்ட் 150 மி.லி., பிராந்தி அல்லது ரம் 50 மி.லி. போர்ட் மட்டும் ஏன் போதாது என்றால், உலர்பழத்திலேயே 80 மி.லி. அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. இந்தக் கலவையில் எல்லாம் சேர்ந்து வீரியம் 18 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதே பழத்தை 12 சதவீத ஒயினில் ஊறவைத்தால் 8, 9க்கு இறங்கிவிடும். நம் சூட்டில் நாலாம் நாள் நுரை கட்டும், மேலே வெள்ளைப் பூஞ்சை படரும்.

திராட்சையின் காம்பைக் கிள்ளி, கழுவினால் துணியில் பரப்பி ஈரம் போகக் காயவிட்டுப் போடுங்கள். கண்ணாடி ஜாடி, காய்ந்த கரண்டி. இரண்டு நாளுக்கொருமுறை ஜாடியைக் கவிழ்த்துத் திருப்ப வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் ஃபிரிட்ஜ். டூட்டி ஃப்ரூட்டியை ஊறப்போடாதீர்கள், சாயம் இறங்கிக் கேக்கே சிவக்கும். கேக் சுடும் அன்று மாவில் புரட்டிச் சேர்த்தால் போதும்.

குடிக்காதவர்களுக்கு

வீட்டிலேயே திராட்சை ஒயின் போடும் பழக்கம் பல குடும்பங்களில் உண்டு. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி உரிமமில்லாமல் மது தயாரிப்பது குற்றம். பண்டிகை என்ற விலக்கு அதில் இல்லை. நொதிக்காத திராட்சை ரசத்துக்குத் தடை இல்லை, குழந்தைகளும் பாட்டிமார்களும் அதைத்தான் கேட்பார்கள்.

கம்பம் பன்னீர் திராட்சை ஒரு கிலோ. காம்பு நீக்கிக் கழுவி, கால் லிட்டர் தண்ணீர், ஒரு துண்டு பட்டை, நாலு கிராம்பு சேர்த்து மிதமான தீயில் தோல் வெடிக்கும்வரை பத்து நிமிடம் வேகவிடுங்கள். மத்தால் அழுத்தாமல் கரண்டியால் மசிக்க வேண்டும். விதை உடைந்தால் கசக்கும். துணியில் தானாக வடியவிட்டு, 100 கிராம் சர்க்கரை சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்கி, ஆறியபின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். டானி ஊற்றும் அதே கிளாஸில் குளிரக் கொடுக்கலாம். ஃபிரிட்ஜில் நாலு நாள் தாங்கும். வெளியே வைத்தால் மூன்றாம் நாள் மூடி திறக்கும்போது புஸ் என்று சத்தம் வரும். வந்தால் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.